கைப்பாவைகள்

தோற்பாவைக் கூத்தில் வெண்திரைக்குப் பின்னால் அமர்ந்து குரல் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரே கலைஞர். அரசனாகவும் அமைச்சனாகவும், அழும் தாயாகவும் நகைக்கும் கோமாளியாகவும் அவர் ஒருவரே பேசுகின்றார். ஒரு பாவை வினவ, மற்றொரு பாவை விடை பகர்கின்றது. இரு குரலும் ஒரு தொண்டையிலிருந்தே எழுகின்றன. திரைக்கு முன் இருப்போர் இதனை நன்கு அறிவர், அறிந்தே மகிழ்கின்றனர். கூத்து முடிந்ததும் கலைஞரின் திறமையைப் போற்றியவாறு வீடு திரும்புகின்றனர். அங்கே எவரும் ஏமாற்றப்படுவதில்லை.

திரை இருப்பதையே மறைத்து ஆடப்படும் பாவைக்கூத்து ஒன்று இந்நாளில் உண்டு. இணையத்தில் மக்கள் கூடிக் கருத்துரைக்கும் இடங்களில் அது நிகழ்கின்றது. ஒருவர் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்குகின்றார்; பின்னர் வேறு வேறு பெயர்களில் ஐந்தோ ஐம்பதோ கணக்குகளைத் தொடங்குகின்றார். முதற் கணக்கில் ஒரு கருத்தை எழுதி, இரண்டாம் கணக்கால் அதனைப் பாராட்டுகின்றார். மூன்றாம் கணக்கால் மறுப்போரை இகழ்கின்றார். படிப்பவரோ, ‘இத்துணைப் பேர் உடன்படுகின்றனரே!’ என்று மயங்குகின்றார். உண்மையில் உடன்பட்டவர் ஒருவரும் இலர். ஒரு மனிதர் தமக்குத் தாமே தலையசைத்துக் கொண்டார், அவ்வளவே.

இத்தகைய கணக்கை ஆங்கிலத்தில் ‘காலுறைப் பொம்மை’ என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். பழைய காலுறையைக் கையில் மாட்டி, அதற்குக் கண்ணும் வாயும் அமைத்துப் பேச வைக்கும் சிறுவர் விளையாட்டிலிருந்து வந்த பெயர் அது. தமிழ் விக்கிப்பீடியாவில் அதனைக் ‘கைப்பாவை’ என்பர்.

பெயரை மறைத்தல் யாவும் குற்றமோ எனின், அன்று. மேரி ஆன் எவன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் ‘ஜார்ஜ் எலியட்’ என்னும் ஆண்பெயர் பூண்டு 1859-ஆம் ஆண்டில் ‘ஆடம் பீட்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். ரா. கிருஷ்ணமூர்த்தியைத் தமிழுலகம் ‘கல்கி’ என்னும் பெயராலேயே அறியும். வலியோரின் தவற்றை வெளியிட விழையும் எளியோர்க்கும் மறைபெயர் அரணாகின்றது. புனைபெயர் எழுதியவரின் பெயரை மட்டும் மறைக்கின்றது. ஒருவர் பல புனைபெயர்களைக் கொண்டாலும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குச் சான்று கூறாத வரையில் அதில் வஞ்சமில்லை. கைப்பாவையோ சான்று கூறுவதற்கென்றே பிறக்கின்றது. அது பொய்யாக்குவது பெயரை மட்டுமன்று, சான்றோரின் தொகையையுமாகும்.

இவ்வெல்லையைப் புகழ் பெற்றோரும் கடந்ததுண்டு. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ஆம் ஆண்டில் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் தம் கவிதை நூலை வெளியிட்டார். வெளியிட்டபின், பெயரிடாமல் அந்நூலுக்குத் தாமே மதிப்புரைகள் எழுதி இதழ்களில் வரச் செய்தார். நூல் பெரிது என்பதைக் காலம் ஒப்புக்கொண்டது. ஆயினும், அம்மதிப்புரைகளைப் படித்தவர்கள் பிறர் ஒருவரின் நடுநிலையான தீர்ப்பைக் கேட்பதாக நம்பினார்கள் அன்றோ? அந்நம்பிக்கை அவர்களுக்குத் தெரியாமலே கவரப்பட்டது.

விட்மன் காலத்தில் இதற்கு அச்சகமும் இதழாசிரியரின் இசைவும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கணக்குத் தொடங்கச் சில நிமிடங்கள் போதும். ஆகவே பழைய குறும்பு ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. விக்கிப்பீடியாவில் 2015-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும்.

விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கப்பெற்ற கலைக்களஞ்சியம். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் அதனை எழுதுகின்றனர், திருத்துகின்றனர். புனைபெயரில் எழுதுவதற்கு அங்கே தடையில்லை. கருத்து வேறுபாடு எழுந்தால் பயனர்கள் உரையாடி ஒரு முடிவுக்கு வருகின்றனர். முகமறியாத பலர் கூடி அறிவுப்பணி செய்வதற்கு அங்குள்ள அடித்தளம் ஒன்றே: பேசும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு தனி மனிதர் இருக்கின்றார் என்னும் நம்பிக்கை.

இந்நம்பிக்கையைச் சிலர் வணிகப் பொருளாக்கினர். சிறு வணிகர்களும் கலைஞர்களும் தம்மைப் பற்றிய கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவில் இடம்பெற வேண்டுமென விரும்பி வரைவுகளை அனுப்புவதுண்டு. தக்க சான்றுகள் இல்லாதவை ஏற்கப்படுவதில்லை. வஞ்சகர்கள் அவ்வாறு தள்ளப்பட்ட வரைவுகளைத் தேடியெடுத்தனர். உரியவர்களைக் கண்டு, தம்மை அனுபவம் மிக்க விக்கிப்பீடியர் என்று கூறிக்கொண்டனர்; பணம் தந்தால் கட்டுரையை வெளியிடுவதாக வாக்களித்தனர். வெளியான பின்னரும், அதனை நீக்காமல் ‘பாதுகாப்பதற்கு’ மாதந்தோறும் ஒரு தொகை கேட்டனர்.

இவ்வேலைக்குக் கைப்பாவைகள் இருவகையாகப் பயன்பட்டன. புதுக் கணக்கு ஒன்று நான்கு நாட்கள் கழிந்து, பத்துத் திருத்தங்களும் செய்துவிட்டால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குச் சில உரிமைகள் தாமே கிடைத்துவிடும். ஆதலின் ஒருவகைக் கணக்குகள் சிறு சிறு திருத்தங்களைச் செய்து, உரிமை பெற்றதும் கட்டுரைகளை வெளியிட்டன. மற்றொரு வகைக் கணக்குகள் நற்பணி செய்வன போல் நடித்து, அக்கட்டுரைகளைச் சரிபார்த்ததாகக் குறியிட்டன. எழுதிய கையே ‘நன்று’ என முத்திரையும் இட்டது.

எனினும், ஆடும் கையைக் கண்டுகொள்ள வழியுண்டு. ஐம்பது பெயர் பூண்டாலும் ஒருவரின் நடை எளிதில் மாறுவதில்லை. அதே சொற்பிழை, அதே சொற்றொடர், கணக்குகள் விழித்தெழும் அதே வேளை ஆகியன ஐயத்தை எழுப்பும். அப்போது, சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்ற மிகச் சில பயனர்கள் கணக்குகளின் தொழில்நுட்பத் தடயங்களை ஆராய்வர். பயனர்களின் மறைவைக் காக்கும் பொருட்டு அத்தடயங்கள் ஏறத்தாழ 90 நாட்கள் மட்டுமே வைக்கப்படுகின்றன. தன்னார்வலர்கள் பல வாரங்கள் உழைத்து இவ்வழக்கை ஆராய்ந்தனர். முதலில் பிடிபட்ட கணக்கின் பெயரால் அது ‘ஆரஞ்ச்மூடி’ வழக்கு எனப் பெயர் பெற்றது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் 381 கணக்குகள் முடக்கப்பட்டன. அவை படைத்த 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன.

நீக்கப்பட்டவை அனைத்தும் தகுதியற்றவை என்று சொல்வதற்கில்லை. கட்டுரைகளை விட்டுவைத்தால், அவற்றைக் காட்டி மேலும் மேலும் பணம் பறிக்க இடமாகும் என்றே அவை ஒருங்கே அகற்றப்பட்டன. தக்கவை பின்னர் நேரிய முறையில் எழுதப்படலாம் என்று வழி விடப்பட்டது. பணம் கொடுத்தவர் பணத்தையும் இழந்தார், பக்கத்தையும் இழந்தார்.

அவர்கள் மட்டுமா இழந்தனர்? நாளை ஒரு மாணவி புதுக் கணக்குத் தொடங்கித் தன் ஊர் ஏரியைப் பற்றி நான்கு வரிகள் எழுத முன்வரலாம். அவளுக்கு ஒரு தோழி துணை நின்று, ‘இவள் எழுதியது சரியே’ என்று கூறலாம். இருவரும் உண்மையானவர், இருவர் சொல்லும் உண்மை. ஆயினும், முன்பு ஏமாந்தவர்களின் கண்ணுக்கு அவர்களும் ஒரு கையின் இரு பாவைகளாகத் தோன்றக்கூடும். கள்ள நாணயம் பெருகிய சந்தையில் நல்ல நாணயமும் தட்டிப் பார்க்கப்படுகின்றது. வஞ்சகர் விளைத்த கேட்டின் பெரும்பங்கு இவ்வாறு குற்றமற்ற புதியவர் தலையில் விழுகின்றது.

வஞ்சகரும் ஒன்றை இழக்கின்றார். தம் கருத்தைப் பிறர் ஏற்பரோ மறுப்பரோ என்று அறிய ஒரே வழி, அதனை அவர்கள் முன் வைத்துவிட்டுக் காத்திருத்தலாகும். தாமே பலராகி ஆமெனக் கூறிக்கொள்பவர்க்கு அந்த விடை என்றும் கிட்டுவதில்லை.

ஆதலால் இணையத்தில் கருத்துரைக்கப் புகும் இளைஞர் விரும்பினால் தம் பெயரை மறைத்துக் கொள்ளட்டும். தம் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டா. ஒரே குரலில் நூறு பேர் புகழக் கண்டால், வாய்களை எண்ணுவதோடு நில்லாது, கைகள் எத்தனை என்றும் நோக்கட்டும். தோற்பாவைக் கலைஞர் கூத்து முடிந்தபின் திரைக்கு வெளியே வந்து நிற்க அஞ்சுவதில்லை. பேசிய சொல்லுக்குப் பின்னால் இருந்து அவ்வாறு அஞ்சாமல் வெளிவர இயலுமா என்பதே, எழுதும் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்க வினாவாகும்.