பெயரும் ஓர் அமானிதமே



எங்கள் மத்ரஸாவின் இணையதளத்தைக் கடந்த ஷஅபான் மாதத்தில் வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்திற்கு மாற்றினோம். பழைய இடத்தில் கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போனது. முந்தைய ரமளானில் ஸஹர் நேர அட்டவணையைத் திறப்பதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்றுவதென மஷூராவில் முடிவானதும் முதலில் எழுந்த கேள்வி தொழில்நுட்பம் பற்றியதன்று. “தளத்தின் பெயர் யாருடைய கையில் இருக்கிறது?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

டொமைன் பெயரும் ஹோஸ்டிங்கும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். ஹோஸ்டிங் என்பது நாம் வாடகைக்கு எடுக்கும் கடை. டொமைன் என்பது கடைக்கு நாம் வைத்த பெயர். கடையை மாற்றலாம், பெயர் நம்முடனேயே வரும். ஆனால் அந்தப் பெயரைப் பதிவு நிறுவனம் ஒன்றில் பதிந்து, குறித்த காலத்திற்குள் புதுப்பித்து வரவேண்டும். பதிவு எவருடைய கணக்கில் இருக்கிறதோ, அவரால்தான் அப்பெயரைப் புதிய இடத்தை நோக்கித் திருப்ப முடியும்.

எங்கள் பெயரை எட்டு ஆண்டுகளுக்கு முன் பதிந்தவர் ஒரு முன்னாள் மாணவர். நல்ல நிய்யத்துடன் தம் சொந்தப் பணத்தில், தம் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தார். இப்போது வளைகுடாவில் பணிபுரிகிறார். செய்தி சொன்ன அன்றிரவே கணக்கை மத்ரஸாவின் மின்னஞ்சலுக்கு மாற்றித் தந்தார், அல்ஹம்துலில்லாஹ். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! எனினும் அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால்? புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு எவரும் திறக்காத மின்னஞ்சலில் கிடந்திருக்கும். கெடுவும் சலுகைக் காலமும் கடந்தால் அப்பெயரை எவரும் வாங்கலாம். பிள்ளைகள் குர்ஆன் பாடம் கேட்ட அதே முகவரியில் நாளை சூதாட்டத் தளம் திறந்திருந்தால், நாம் யாரிடம் போய் முறையிடுவது?

பள்ளிவாசல் நிலத்தின் பத்திரத்தைத் தனிநபர் பெயரில் எழுத எந்த ஜமாஅத்தும் சம்மதிக்காது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகக் கற்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பதால் இந்தப் பொறுப்பு குறைந்துவிடுமா?

பின்னர் வேலையைத் தொடங்கினோம். கோப்புகளையும் தரவுகளையும் புதிய சர்வரில் ஏற்றி, பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா எனச் சோதித்தோம். பெயரைத் திருப்ப இரு வழிகள் உண்டு. ஒன்று, நேம் சர்வர்களையே மாற்றுவது. அப்படிச் செய்தால் மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவு உட்பட எல்லாப் பதிவுகளையும் புதிய இடத்தில் மீண்டும் எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சேர்க்கை விண்ணப்பங்கள் வந்து சேரமாட்டா. மற்றொன்று, ‘ஏ’ பதிவில் உள்ள ஐபி முகவரியை மட்டும் மாற்றுவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம்.

ஆனால் மாற்றிய கணமே உலகம் முழுவதும் அது தெரிந்துவிடாது. பல ஊர்களிலுள்ள சர்வர்கள் தாம் முன்பு பெற்ற பழைய முகவரியைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அந்தக் கால அளவைக் குறிப்பதே டிடிஎல். எங்களுடையது 86400 விநாடிகள், அதாவது ஒரு நாள். அதை முதலில் 300 ஆகக் குறைத்து, ஒரு முழு நாள் கடந்த பின்னரே ஐபி முகவரியை மாற்றினோம்.

இதை மாணவர்களுக்கு விளக்கியபோது கிப்லா மாற்றப்பட்ட வரலாறு நினைவுக்கு வந்தது. வணக்கத்தின் மகத்துவம் வேறு. படிப்பினைக்காக மட்டுமே சொல்கிறேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கஅபாவை நோக்கித் திரும்பும் கட்டளை வந்தது. குபாவில் இருந்தோருக்கு அச்செய்தி சுப்ஹுத் தொழுகையின்போதுதான் எட்டியது. தொழுகையிலேயே அவர்கள் திரும்பினர். செய்தி எட்டும்வரை பழைய திசையில் தொழுதது அவர்கள்மீது குற்றமாகவில்லை.

செய்தி எட்டாதவரைக் குறைகூறலாகாது. அவருக்காகக் காத்திருப்பது நம் கடமை. எனவே பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடவில்லை. இரு நாட்கள் புதிதாக எதையும் பதிவேற்றாமல், இரு இடங்களிலும் ஒரே பாடம் இருக்கச் செய்தோம். ஒரு வாரம் கழித்தே பழைய கணக்கை முடித்தோம். எந்தப் பெற்றோருக்கும் வாசல் அடைபடவில்லை.

உங்கள் மஹல்லாவின் தளம் யாருடைய கணக்கில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என இந்த வாரமே விசாரியுங்கள். மறைச்சொல்லை நம்பிக்கைக்குரிய இருவரிடம் ஒப்படைத்து, நிர்வாகப் பதிவேட்டில் அவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை யாவற்றையும் பேணிக் காக்கும் நல்லுதவியை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.