மாரத்தான் நெடுஞ்சாலை: ஒரு ஞாயிறும் ஒரு திங்களும்

கிரேக்க நாட்டின் அட்டிக்கா வட்டாரத்தில், மாரத்தான் என்னும் சிற்றூரிலிருந்து தலைநகர் ஏதென்ஸை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று வாகனங்களுக்கு அடைக்கப்பட்டு, பல நாடுகளிலிருந்து வந்து சேரும் ஓட்டக்காரர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸின் வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடிய தூதனின் தடத்தில் ஓடப்போகிறோம் என்ற நம்பிக்கையே அவர்களை விசா எடுத்து விமானம் ஏற வைக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் தூதன் ஓடியது ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு. மாரத்தானிலிருந்து ஓடிவந்து செய்தி சொல்லி உயிர்விட்டவனின் கதை பல நூற்றாண்டுகள் கழிந்தே நூல்களில் இடம்பெறுகிறது. ஆகவே இச்சாலையை அறிய விரும்புவோர், அந்தக் கதையை விட்டு, அதில் நேர்ந்த இடர்களையும், அவற்றுக்கு யார் ஆயத்தமாக இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்பதையும் பார்ப்பதே பயன் தரும்.

வெளிநாட்டு ஓட்டக்காரரின் இடர்கள் சாலைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. பெட்டி வேறு விமானத்தில் போய்விடக்கூடும் என்பதால், பழகிய காலணியையும் ஓட்ட உடையையும் கைப்பையிலேயே எடுத்துவருவது அனுபவசாலிகளின் வழக்கம்; புதிய காலணியில் 42.195 கிலோமீட்டர் ஓடினால் என்ன ஆகும் என்பதைக் குதிகால் கொப்புளங்கள் கண்டவர்கள் அறிவார்கள். பந்தய நாளன்று விடியுமுன் ஏதென்ஸிலிருந்து புறப்படும் பேருந்துகள், பின்னர் ஓடித் திரும்பவேண்டிய தொலைவு முழுவதையும் முதலில் உட்கார்ந்தபடியே காட்டிவிடுகின்றன. ஓட்டம் தொடங்கிச் சில கிலோமீட்டரிலேயே பாதை பிரிந்து, போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களின் சாம்பலை மூடியுள்ள மண்மேட்டைச் சுற்றிவந்து மீண்டும் நெடுஞ்சாலையில் சேர்கிறது. 1963 ஏப்ரல் 21 அன்று அரசு தடை செய்த அமைதிப் பேரணியை, நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பை மட்டும் நம்பித் தனியொருவராக நடத்திய கிரிகோரிஸ் லாம்பிராகிஸ் நடந்ததும் இந்தச் சாலையில்தான். அடுத்த மாதமே தெஸலோனிக்கியில் தாக்கப்பட்டு அவர் உயிரிழந்தார்.

மண்மேட்டுக்குப் பின் வரும் நியா மாக்ரிக்கும் ராஃபினா துறைமுகத்துக்கும் இடையே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மாத்தி என்னும் குடியிருப்பை ஓட்டக்காரர்கள் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். கால்கள் இன்னும் களைக்காத தொலைவு அது. இந்தக் கடற்கரை ஊர்களில் ஒலிவக் கிளைகளை ஒடித்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவர்கள் அவற்றை ஓடுபவர்களின் கையில் திணிக்கிறார்கள். குழந்தைகள் உள்ளங்கையை நீட்டித் தட்டச் சொல்கிறார்கள். "பிராவோ" என்ற குரல் இருபுறமும் ஓய்வதில்லை.

2018 ஜூலை 23, திங்கட்கிழமை பிற்பகலில், பெந்தெலி மலைச்சரிவில் பற்றிய தீ, மேற்கிலிருந்து வீசிய கடுங்காற்றில் கிழக்கே இறங்கி இதே நெடுஞ்சாலையை அடைந்தது. அகன்ற தார்ச்சாலை ஒன்று தீத்தடுப்பாக, அதாவது எரிபொருள் இல்லாத இடைவெளியாக நின்று நெருப்பை மடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. காற்றோ தீப்பொறிகளைச் சாலைக்கு மேலாகத் தூக்கி எறிந்து, அப்பால் வீடுகளுக்கு நடுவே நின்ற பைன் மரங்களில் போட்டது. மக்களை வெளியேறச் சொல்லும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை; நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்த வாகனங்களும் மாத்தியின் தெருக்களுக்குள் திருப்பிவிடப்பட்டன. பல்லாண்டுகளாக முறையான நகரத் திட்டம் இன்றி, மரங்களுக்கிடையே மனைமனையாக வளர்ந்த அந்தக் குடியிருப்பின் தெருக்கள் குறுகலானவை. கடலை நோக்கிப் போனவற்றுள் பல, வேலியிலோ செங்குத்துக் கரையிலோ முடிந்தன. நெரிசலில் விட்டுச்செல்லப்பட்ட கார்களின் அலுமினியச் சக்கரங்கள் உருகி, தெருச் சரிவில் வெள்ளிக் கோடாக ஓடி உறைந்து கிடந்தன. கடலுக்கு மிக அருகில் இருந்த ஒரு மனையில், வழி தெரியாமல் நின்றுவிட்ட 26 பேரின் உடல்கள் ஒன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. நீரில் இறங்கி நின்ற நூற்றுக்கணக்கானோரை மீன்பிடிப் படகுகளும் கடலோரக் காவற்படையும் மீட்டன. இறந்தோர் தொகை இறுதியில் 104 ஆயிற்று.

2024இல் ஏதென்ஸ் நீதிமன்றம் தீயணைப்புத் துறையின் முன்னாள் உயர் அதிகாரிகள் உள்ளிட்ட சிலரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தபோதிலும், சிறைத் தண்டனையைப் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள வழிவிட்டது இறந்தோரின் குடும்பத்தாரைக் கொதிக்கச் செய்தது. தீ நேர்ந்து நான்கு மாதங்கள் நிறைவதற்குள், 2018 நவம்பர் 11 அன்று, வழக்கம்போல் அந்தக் கரிந்த மரங்களின் ஓரமாக ஓட்டம் நடந்தது.

ராஃபினாவைத் தாண்டியதும் சாலை மேற்கே திரும்பி ஏறத் தொடங்குகிறது. 31ஆம் கிலோமீட்டரில் சுமார் 240 மீட்டர் உயரத்தைத் தொடும்வரை ஏற்றம் பெரிதும் ஓய்வதில்லை. தசைகளில் சேமித்துள்ள மாவுச்சத்தான கிளைகோஜன் தீர்ந்து கால்கள் திடீரென மறுக்கும் நிலை, மற்றப் பந்தயங்களிலும் இதே தொலைவில்தான் நேர்வது வழக்கம் என்பதால், சமதரையில் பயிற்சி செய்து வந்தவர்கள் இங்கே தங்கள் நேரக் கணக்கைக் கைவிட்டு நடக்கவேண்டியதாகிறது. 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டத்தில் முன்னால் சென்ற பிரெஞ்சு வீரர் அல்பின் லெர்முசியோ இந்த ஏற்றத்துக்குப் பின் ஓட்டத்தைக் கைவிட்டார். அடுத்து முந்திய ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக் நகரை நெருங்குகையில் நிலைகுலைந்தார். அளவாக ஓடிவந்த தண்ணீர் சுமப்பவர் ஸ்பிரிடோன் லூயிஸ் வென்றார். மூன்றாவதாக வந்த பெலோக்காஸ் வழியில் குதிரை வண்டி ஏறியது தெரிந்து நீக்கப்பட்டார். பெண் என்பதால் பந்தயத்தில் சேர்க்கப்படாத ஸ்டமாட்டா ரெவிதி மறுநாள் இதே தொலைவைத் தனியே ஓடினார்.

உச்சிக்குப் பின் இறங்கும் நகரச் சாலையில், 2004 ஒலிம்பிக்கின் கடைசி நாளன்று, முன்னணியில் இருந்த பிரேசில் வீரர் வாண்டர்லெய் டி லிமாவைப் பார்வையாளர் ஒருவர் பாய்ந்து கூட்டத்துக்குள் தள்ளினார். அருகிலிருந்த கிரேக்கர் ஒருவர் விடுவித்துவிட, டி லிமா தொடர்ந்து ஓடி வெண்கலம் பெற்றார். அதற்கு ஒரு வாரம் முன்பு உலகச் சாதனையாளர் பவுலா ராட்கிளிஃப் ஏறக்குறைய இதே பகுதியில் நின்று, ஓரத்தில் அமர்ந்து அழுதார். சாலை பளிங்காலான பானதினைக்கோ அரங்கத்தில் முடிகிறது.

ஓடுபவருக்கு நேரும் இடர் எதுவாயினும் அதற்கென ஓர் ஏற்பாடு இச்சாலையில் இருக்கிறது: சீரான இடைவெளியில் தண்ணீரும் மருத்துவ உதவியும், இயலாதவர்களை ஏற்றிச்செல்லப் பேருந்தும், குறுக்குத் தெருதோறும் போக்குவரத்தைத் தடுக்கக் காவலரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்காக 42 கிலோமீட்டரையும் நிமிடக் கணக்கில் திட்டமிடத் தெரிந்த ஓர் அரசுக்கு, திங்கட்கிழமை ஒன்றில் சில கிலோமீட்டரைக் காலிசெய்யத் தெரியவில்லை என்பதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. இச்சாலையை உலகுக்கு விளம்பரப்படுத்தும் செலவில் ஒரு பங்கையேனும், மாத்தியின் தெருக்களிலிருந்து கடலுக்கு இறங்கும் வழிகளைத் திறந்து, பராமரித்து, பலகை நட்டுக் காட்டுவதற்குச் செலவிடுவதே அந்த அரசின் முதற்கடமை.