கணக்குப் புத்தகமும் ஒரு சாட்சிதான்



யுத்தத்தில் உழைப்பாளியை இழந்த வீட்டிலும் சரி, எங்கள் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பேர் போட்டுக் கொழுந்து பறிப்பவளின் லயத்து வீட்டிலும் சரி, வாரம் ஐம்பது, நூறு என்று சங்கத்தில் சேரும் பணம்தான் ஆபத்துக்குக் கைகொடுக்கிறது. அந்தப் பணம் குறைந்துபோனால் முதலில் யார்மேல் சந்தேகம் விழுகிறது? பெரும்பாலும் கேட்க ஆளில்லாத பெண்மேல்தான். அப்படிப்பட்ட நேரத்தில் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு தனித் தொழில் இருக்கிறது. அதைத் தடயவியல் கணக்காய்வு என்கிறார்கள்.

சாதாரணக் கணக்காய்வாளர் ஏடுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். தடயவியல் கணக்காளரோ எழுதியது உண்மையில் நடந்ததா என்று தேடுவார். பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, கையெழுத்து, திகதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஆதாரமாக ஒழுங்குபடுத்தித் தருவார்.

நம் நாட்டில் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்தது மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தின்போதுதான். 2015 பெப்ரவரி 27 அன்று 100 கோடி ரூபாவுக்கென்று அறிவிக்கப்பட்ட ஏலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2017 ஜனவரியில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு அவ்வருட இறுதியில் அறிக்கை கொடுத்தது. அதன் பின்னர் தடயவியல் கணக்காய்வுகள் நடத்தப்பட்டு, அந்த அறிக்கைகள் 2020இல் பாராளுமன்றத்துக்கு வந்தன.

இது கொழும்புப் பெரியவர்களின் விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஏலத்திலேயே வாங்கியிருக்கக்கூடிய முறிகளை ஊழியர் சேமலாப நிதி பிறகு வேறு கை மாறிக் கூடிய விலைக்கு வாங்கி நட்டப்பட்டது என்று ஆணைக்குழு கண்டது. அந்த நிதியில் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பெண்களின் காசும் இருக்கிறது. விசாரணையில் தொலைபேசி உரையாடல் பதிவுகள்கூடச் சாட்சியமாக வந்தன.

சின்ன இடத்திலும் வழி இதுவேதான். 2013இல் நான் செயலாளராக இருந்த ஒரு மகளிர் சேமிப்புச் சங்கத்தில் 86,000 ரூபா குறைந்தது. வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தவள், யுத்தத்தில் கணவனை இழந்து வவுனியாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தங்கச்சி. எல்லோர் கண்ணும் அவள்மேல் விழுந்தது. “தோட்டை அடகு வைத்தாவது கட்டுகிறேன் அக்கா, பிள்ளைகளைக் கள்ளியின் பிள்ளைகள் என்று சொல்லவேண்டாம் என்று சொல்லுங்கள்” என்று என்னிடம் அழுதாள். கட்டினால் களவை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சொல்லித் தடுத்தேன். பதுளையிலிருந்து கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு மிஸ்ஸை அழைத்தோம்.

அவர் யாரையும் அதட்டவில்லை. “அக்கா, பாஸ் புத்தகங்கள் யார் கையில் இருக்கின்றன?” என்றுதான் முதலில் கேட்டார். அங்கத்தவர்களின் கையில் என்றேன். நாற்பது புத்தகங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு தாளில் மூன்று வரிசை போட்டார். தங்கச்சி பணம் வாங்கிய திகதி, அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருந்தவர் அதைப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்த திகதி, வங்கியில் போட்ட திகதி.

முதல் இரண்டு வரிசையும் ஒரு சதம்கூடப் பிசகவில்லை. மூன்றாவதுதான் தள்ளித் தள்ளிப் போயிருந்தது. ஆரம்பத்தில் இரண்டு நாள், பிறகு ஒன்பது நாள், கடைசியில் இருபது நாள். இந்தக் கிழமைப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, அடுத்த கிழமை வருவதால் அதை மூடுவது. மூடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால் அந்த ஊழியர் இரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. நாங்கள் அதைக் கடமையுணர்ச்சி என்று பாராட்டியிருந்தோம்.

கடன் ஏட்டில் இன்னொன்றும் அகப்பட்டது. இரண்டு பெண்களின் பெயரில் கடன் கொடுத்ததாகக் கையெழுத்து இருந்தது. அவர்களின் கடவுச்சீட்டுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், கையெழுத்திட்ட நாளில் இருவரும் குவைத்தில்!

தாள்களை முன்னே வைத்ததும் ஊழியர் ஒப்புக்கொண்டார். விஷயம் பொலிசுக்குப் போனது. பணத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அதைவிடப் பெரிது, பொதுக்கூட்டத்தில் மிஸ் அந்த மூன்று வரிசையையும் வாசித்து, தங்கச்சியிடம் ஒரு சதமும் தங்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னது. கள்ளனைக் காட்டுவது மட்டுமல்ல, கள்ளி அல்லாதவளைக் காப்பாற்றுவதும் இந்தத் தொழிலின் வேலை என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

எல்லாச் சங்கத்தாலும் அப்படி ஒருவரை அழைக்க முடியாது. ஆனால் அவர் வந்தால் தேடுவதை நாமே முன்கூட்டிச் செய்து வைக்கலாம். பாஸ் புத்தகத்தை ஒருபோதும் அலுவலகத்தில் விட்டுவைக்கக் கூடாது. பணம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் திகதியும் கையெழுத்தும் வேண்டும். வாங்குபவரும், வங்கியில் போடுபவரும், ஏடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணப்பொறுப்பில் இருப்பவர் வருடத்தில் சில நாட்கள் கட்டாயமாக லீவு எடுத்து, வேறொருவர் அந்த இடத்தில் இருந்து பார்க்கவேண்டும். வங்கிக் கூற்றை மாதாந்தக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

சம்பளத்துக்குப் போகும் சகோதரிகள் சம்பளச் சீட்டுகளைக் கட்டி வையுங்கள். சட்டப்படி சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் குறைந்தது 8 வீதமும் தொழில்தருநர் குறைந்தது 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதமும் கட்டவேண்டும். நம்மிடம் கழித்த காசு கட்டப்படவில்லை என்று தெரிந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அங்கே அந்தச் சீட்டுத்தான் நமக்காகப் பேசும்.

இடம்பெயர்ந்து ஓடியபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து அலைந்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. கணக்குக் கேட்பது ஒருவரை அவமதிப்பது அல்ல. நேர்மையாக வேலை செய்பவளுக்கு அதுதான் பாதுகாப்பு.