சார், ஒரு டவுட்!

எங்க தெருமுக்கு டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரி பகலா 'ம்ம்ம்'னு முனகும். உள்ளே தேனீ கூடு கட்டியிருக்குன்னு பாட்டி சொன்னதை நம்பி வளர்ந்தவன் நான்.

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இன்ஜினீயரிங் சேர்ந்ததும் முதல்ல அதைத்தான் கேட்க நினைச்சேன். ஒருநாள் தைரியமா எழுந்து, "சார், ஒய் டிரான்ஸ்ஃபார்மர் இஸ் சவுண்ட் கமிங்?" என்றேன். கிளாஸே கொல்லென்று சிரித்தது. சாரும்தான்!

அதோட உட்கார்ந்தவன்தான். 'எனி டவுட்ஸ்?' என்றால் தலையைக் குனிந்து நோட்டில் பூ வரைகிற கோஷ்டியில் சேர்ந்துட்டேன். பதில்னா பக்கம் பக்கமா எழுதுவேன். கேள்வி கேட்கத்தான் வரலை. 12 வருஷமா யாரும் என்னைக் கேட்கச் சொன்னதே இல்லையே!

காப்பாத்தினது ஹாஸ்டல் ரூம்மேட். டீக்கடையில் வைத்துப் பாடம் நடத்தினான். "மச்சி, தமிழ்ல கேள்வி வாலில் இருக்கு. 'சாப்பிட்டாச்சு'வோட ஒரு 'ஆ' சேர்த்தா 'சாப்பிட்டாச்சா?' இங்கிலீஷ்ல அது தலைக்கு வரணும். 'யூ ஹேவ் ஈட்டன்'ல 'ஹேவ்'வைத் தூக்கி முன்னாடி வை. 'ஹேவ் யூ ஈட்டன்?' அதே மாதிரி 'ஆர் யூ கமிங்?'"

"'யூ டிரிங்க் டீ'ல எதைடா தூக்குறது?"

"ஒண்ணும் இல்லாதப்போ 'டூ'வை வாடகைக்கு எடுத்துக்க. 'டூ யூ டிரிங்க் டீ?' அவன், அவள், அதுன்னா 'டஸ்'."

"டஸ் ஹீ டிரிங்க்ஸ் டீ?"

"ஒரு பஸ்ஸுக்கு ஒரு கண்டக்டர் போதும்டா! 'டஸ்'ல 'ஸ்' ஏறியாச்சு, 'டிரிங்க்ஸ்'ல இருக்கிற 'ஸ்'ஸை இறக்கிவிடு."

அந்த 'ஸ்'ஸை இறக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. (மைக் பிடிக்கிற பெரிய மனுஷங்களே இதுல சொதப்புறாங்க, கவனிச்சுப் பாருங்க.) 'ஒய்', 'வேர்' எல்லாம் இன்ஜின் மாதிரி. முன்னாடி மாட்டினா போதும், பின்னாடி பெட்டிகள் அதே வரிசைதான். முனகலுக்கு 'ஹம்' என்று டிக்‌ஷனரியில் பிடித்தேன்.

செகண்ட் இயர். அதே சார். கை நடுங்கத் தூக்கினேன்.

"சார், ஒய் டஸ் எ டிரான்ஸ்ஃபார்மர் ஹம்?"

யாரும் சிரிக்கலை. சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தமிழிலேயே ஆரம்பித்தார். "உள்ளே இரும்புத் தகடு இருக்குல்லப்பா, அது காந்தமாகும்போது துளியூண்டு நீளம் மாறும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை காந்தம் ஏறி இறங்கும். ஆக, செகண்டுக்கு 100 தடவை தகடு அதிருது. அந்தச் சத்தம்தான் அது."

அன்னிக்கு ராத்திரியே பாட்டிக்கு போன் பண்ணிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு பாட்டி கேட்டது: "அப்ப உள்ள தேனீ இல்லையா?"