கர்ஜலி மலைநாடும் அதன் மக்களும்



நாட்டுப்படத்தை விரித்து வைத்து, மலை எது, ஆறு எது, எல்லை எது என்று தொட்டுக் காட்டுவது எனக்குப் பழகிய தொழில். ஊரிலே நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் புவியியலும் கற்பித்தேன். அகதியாக இந்நாட்டுக்கு வந்தபின், வார நாட்களில் பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் இரவு வேலை. சனிக்கிழமைகளில் உங்கள் தமிழ் வகுப்பு. களஞ்சியத்தில் என்னருகே நின்று வேலை செய்பவர் பல்கேரியா நாட்டின் கர்ஜலி மாகாணத்தைச் சேர்ந்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறையாகக் கற்ற இந்நாட்டு மொழி ஒன்றே. அம்மொழியில் அவர் சொல்லக் கேட்டவற்றையும், அதனால் ஆவல் மிகுந்து நான் தேடிப் படித்தவற்றையும் இம்மலர் வழியாக உங்கள் முன் வைக்கிறேன்.

பல்கேரியாவின் இருபத்தெட்டு மாகாணங்களுள் கர்ஜலி தெற்கு எல்லையில், கிறீஸ் நாட்டை அடுத்து அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. மக்கள் தொகையோ 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒன்றரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கிழக்கு ரொடோப் மலைத்தொடரின் குன்றுகளே இம்மாகாணத்தின் பெரும்பகுதி. ஆர்தா என்னும் ஆறு இக்குன்றுகளை ஊடறுத்துக் கிழக்கு நோக்கி ஓடி, துருக்கியின் எதிர்னே நகருக்கு அருகில் மரிற்சா ஆற்றோடு கலக்கின்றது. கர்ஜலி நகருக்கு மேற்புறம் ஓர் அணைக்கட்டு, கீழ்ப்புறம் ஸ்துதென் கிளாதெனெற்ஸ் என்னும் மற்றோர் அணைக்கட்டு. இரு நீர்த்தேக்கங்களுக்கும் நடுவே நகரம் இருக்கின்றது.

நகருக்கு வடகிழக்கே பெர்பெரிக்கோன் என்னும் குன்று உண்டு. பாறையைக் குடைந்தே படிகளும் அறைகளும் நீர்த்தொட்டிகளும் அமைத்து, வெண்கலக் காலந்தொட்டு மத்திய காலம் வரை மக்கள் பயன்படுத்திய இடம் அது. ஆர்தினோ என்னும் ஊருக்கு அருகே ஆர்தா ஆற்றின் மேல் ஒரு கற்பாலம் நிற்கின்றது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒஸ்மானியர் ஆட்சியிலே கட்டப்பட்டது. மக்கள் அதனைச் ‘சைத்தான் பாலம்’ என்பர்.

இங்குள்ள மண் கல்லும் மணலும் கலந்த வளங்குறைந்த மண். கோடையோ கடும் வறட்சி. அத்தகைய நிலத்திலும் செழித்து வளர்வது புகையிலை. யாழ்ப்பாணத்தில் நாம் அறிந்த புகையிலை அகன்று நீண்ட இலை. குடிலிலிட்டுப் புகையூட்டிப் பதப்படுத்துவது. கர்ஜலிப் புகையிலையோ சிறிய இலை, வெயிலிலேயே பதமாவது. மண் வளமின்மையால் இலை சிறுக்கிறது. சிறுத்த இலையிலே வாசனை செறிகிறது. சூரியன் எழுமுன் குடும்பத்தோடு தோட்டத்துக்குச் சென்று, அடியிலிருந்து மேலாக இலைகளைப் பறித்து, நீண்ட ஊசியால் நூலிற் கோர்த்துத் தொங்கவிடுவர். விடுமுறை என்றாலே தமக்கு இலை கோர்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது என்கிறார் நண்பர்.

இம்மாகாணத்து மக்களுட் பெரும்பான்மையினர் துருக்கி மொழி பேசும் இஸ்லாமியர். பல்கேரியரும் றோமா இனத்தவரும் அவர்களோடு வாழ்கின்றனர். 1912ஆம் ஆண்டு பால்கன் போரின்போதே இப்பிரதேசம் ஒஸ்மானியரிடமிருந்து பல்கேரியாவின் கைக்கு வந்தது. அப்போர்களின் பின் திரேஸ் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட பல்கேரியக் குடும்பங்களும் அகதிகளாக இங்கு வந்து குடியேறின. ஆகவே இம்மலைநாட்டில் வீடிழந்த கதை ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று.

பெயர் மாற்றம் முதலில் ஊர்களுக்கு வந்தது. 1934ஆம் ஆண்டளவில் அங்குள்ள துருக்கிய ஊர்ப்பெயர்கள் பெருந்தொகையாக மாற்றப்பட்டன. மஸ்தான்லி என்ற ஊர் மொம்சில்கிராத் ஆயிற்று. கோசுகாவாக் என்ற ஊர் குரூமோவ்கிராத் ஆயிற்று. அரை நூற்றாண்டு கழிந்தபின் மனிதர்களின் பெயர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் தோதோர் ஷிவ்கோவின் அரசு, நாட்டிலுள்ள துருக்கியர் அனைவரும் தம் பெயரைக் கைவிட்டுப் பல்கேரியப் பெயர் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்நடவடிக்கை கர்ஜலிப் பகுதியிலேதான் தொடங்கியது. சில மாதங்களுக்குள் சுமார் எட்டு இலட்சம் பேரின் பெயர்கள் மாற்றப்பட்டன. பொது இடத்தில் துருக்கி மொழி பேசுவது தடை செய்யப்பட்டது. இறந்தவர்களின் பெயர்கள்கூடப் பதிவேடுகளில் மாற்றப்பட்டன. 1984 டிசம்பர் 26ஆம் நாள், கிர்க்கோவோப் பகுதியில் எதிர்ப்புத் தெரிவித்துக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, துர்க்கான் என்னும் இரண்டு வயது நிரம்பாத குழந்தை இறந்தது. அக்குழந்தையின் பெயரால் மொகில்யானே கிராமத்தில் ஒரு நீரூற்று கட்டப்பட்டுள்ளது.

அப்போது என் நண்பருக்கு எட்டு வயது. ஒருநாட் காலை வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து புதிய பெயர்களை வாசித்தாராம். ஒரு பெயருக்கு எவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை வாசித்த ஆசிரியர், இவரை நோக்கி விரல் நீட்டிய பின்னரே அது தம் பெயர் என்று இவருக்குத் தெரிந்தது. இதனைக் கேட்டபோது, ஆயிரம் தடவை இடாப்பு வாசித்தவனாகிய நான் பேச்சற்று நின்றேன்.

நயிம் சுலைமானொக்லு என்னும் பாரந்தூக்கும் வீரரைப் பெற்றோர்களுட் சிலர் அறிந்திருக்கக் கூடும். அவர் 1967ஆம் ஆண்டு இம்மாகாணத்தின் பிதிசார் கிராமத்திற் பிறந்தவர். உயரம் 147 சென்ரிமீற்றர் மட்டுமே. அவருடைய பெயரையும் அரசு மாற்றியது. 1986ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குப் போட்டிக்குச் சென்றவர், அணியை விட்டு வெளியேறித் துருக்கியிற் புகலிடம் பெற்றார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டியில், 60 கிலோ எடைப் பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அது அவருடைய உடலெடையின் மூன்று மடங்கினும் அதிகம். 1992, 1996 ஆகிய ஆண்டுகளிலும் தங்கப் பதக்கம் பெற்ற அவர், 2017இல் காலமானார்.

1989ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெபெல் முதலிய ஊர்களில் மக்கள் வீதிக்கு இறங்கினர். ஜூன் தொடக்கத்தில் எல்லை திறக்கப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் துருக்கி அதனை மூடுமுன், மூன்றரை இலட்சம் பேர் வாகனங்களில் பொருள்களைக் கட்டிக்கொண்டு வெளியேறினர். கடவுச்சீட்டுப் பெற்றுச் சுற்றுலாப் பயணிகளைப் போலப் புறப்பட்டமையால், அவ்வெளியேற்றத்துக்குப் ‘பெரிய சுற்றுலா’ என்று பெயர் வைத்தனர். பறிப்பாரின்றிப் புகையிலை தோட்டத்திலே நின்றது. நவம்பர் 10ஆம் நாள் ஷிவ்கோவ் பதவியிழந்தார். அவ்வாண்டு முடியுமுன் பெயர்களைத் திருப்பித் தர முடிவாயிற்று. வெளியேறியோரிற் பலர் மீண்டு வந்தனர். நண்பரின் குடும்பமும் வந்தது. 2012ஆம் ஆண்டு பல்கேரியப் பாராளுமன்றம், அந்நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

கதை இத்துடன் முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் நான் எழுத விரும்பியது இதற்குப் பின்னுள்ளதையே. இன்று அங்குள்ள பாடசாலைகளில் துருக்கி மொழியை விருப்பப் பாடமாகக் கற்கலாம், தடையில்லை. எனினும் கற்கும் பிள்ளைகளின் தொகை 1990களின் தொடக்கத்தில் இருந்ததைவிட மிகவும் குறைந்துவிட்டது. இளங்குடும்பங்கள் வேலை தேடி வெளிநாடு செல்கின்றன. வேலைக்கு உதவாத பாடம் எதற்கு என்று எண்ணும் பெற்றோரும் உளர். “தடுத்த காலத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். இங்கே என் பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை, நான் துருக்கியில் கேட்டால் இந்நாட்டு மொழியில் விடை சொல்கிறார்கள்” என்றார் நண்பர். பெற்றோர்களே, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளின் இரவுச் சாப்பாட்டு நேரத்தை எண்ணிப் பார்த்தாலே போதும்.

சம்பளமின்றிச் சனிக்கிழமைகளில் ஏன் போகிறாய் என்று முன்பு என்னைக் கேட்டவர் அவர். அண்மையில் வேறு கேள்விகள் கேட்கத் தொடங்கியுள்ளார். மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு? புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன? எத்தனை பிள்ளைகள் இருந்தால் ஒரு வகுப்புத் தொடங்கலாம்? இவற்றையெல்லாம் நேரிலே பார்த்துச் செல்ல, நம் ஆண்டு விழாவுக்கு இரு பிள்ளைகளோடும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாணவச் செல்வங்களே, அவர் உங்களிடம் நிச்சயம் பெயர் கேட்பார். இந்நாட்டவர் நாவுக்கு எளிதாகச் சுருக்கி வைத்திருக்கும் பெயரை அவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் பேரனும் பேர்த்தியும் கூடியிருந்து வைத்த பெயரை முழுவதுமாக, நிறுத்திச் சொல்லுங்கள். அவருக்கு விளங்காவிட்டால் மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். அவர் பொறுமையாகக் கேட்பார்.