காசின் தேய்வு

பழங்காசு திரட்டுவோர் பலர் முதலில் வாங்குவது விலைப்பட்டியலையே. எக்காசு எவ்வளவு பெறும் என்பதை அது கூறும். எவர் கைகளிற் புழங்கியது என்பதைக் கூறாது.

நாம் முதலிடம் அளிப்பது 1924இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணய நூலுக்கே. 'சேது' எனத் தமிழிற் பொறித்த யாழ்ப்பாண அரசரின் காசுகளும் பொலனறுவை மன்னரின் காசுகளும் அங்கே ஒருங்கே இடம்பெறுகின்றன. இந்நாடு ஓரினத்தாருக்கே உரியது என முழங்குவோர்க்கு அதுவே விடை.

அடுத்தது 1956இல் வெளிவந்த கோசாம்பியின் இந்திய வரலாற்று நூல். வெள்ளி முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தவர் அவர். கைமாறுந்தோறும் வெள்ளி தேயும். அத்தேய்விலிருந்து புழக்கத்தின் காலத்தைக் கணிக்க முற்பட்டார். முத்திரை அதிகாரத்தின் கையெழுத்து எனில், தேய்வு பெயரறியா மக்களின் கையெழுத்தன்றோ? இரண்டையும் படிக்கக் கற்பிக்கும் நூல்களே நூலகத்துக்கு உரியவை. ஏனையவை வணிகரின் மேசைக்கு உரியவை.