லால்பாக்கில் ஓர் அதிகாலை

நாள் முழுதும் நாற்காலியிலேயே கழிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு விடியற்கால ஓட்டமே மருந்து. சென்ற விடுமுறையில் பெங்களூர் சென்றிருந்தபோது, "ஊர் காட்ட அழைத்து வந்துவிட்டு, நீங்கள் மட்டும் ஓடப் போவதா?" என்று மனைவி வருந்தினாள். அவள் கேட்டது நியாயமே.

அன்று மாலையே அனைவரும் லால்பாக் சென்றோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்புடையது. வாயில் திறக்கும் நேரம், மேடு, மண்பாதை யாவற்றையும் பிள்ளைகளோடு நடந்தே அறிந்துகொண்டேன். மறுநாள் காலை நான் ஏரிக்கரையில் ஓட, அவர்கள் சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த பாறைமீதேறி, கெம்பே கௌடர் கோபுரத்தருகே நின்று நகரைக் கண்டு களித்தனர். கடைசிச் சுற்றில் மகனும் என்னுடன் ஓடிவந்தான்.

அன்பர்களே, வெளியூரில் ஓடும் பாதையை முதலில் குடும்பத்தோடு நடந்து பாருங்கள். பாதையும் பழகும், மனத்தாங்கலும் தீரும்.